தொழிற்சாலையில் சங்கம் வந்துவிட்டது: நிர்வாகம் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது

கேள்வி இதுதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. நிரந்தரத் தொழிலாளர்கள் நானூறு பேர். காண்ட்ராக்டிலும் டிரெய்னியாகவும் இருப்பவர்கள் அதைவிடக் கொஞ்சம் அதிகம். தொழிலாளர்கள் சங்கம் தொடங்கிப் பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டார்கள். கேட்டுக்கு எதிரே கொடியேற்றப் போகிறார்கள் என்று பேச்சு. ஏற்றுமதி வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். "இதை எப்படிக் கையாள்வது, கம்பெனி பெயர் கெடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சங்கம் வருவதையும் பெயர் கெடுவதையும் ஒரே கவலையாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். சங்கம் இருக்கும் தொழிற்சாலைகள் இந்தத் தொழிற்பேட்டைகளில் ஏராளம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சம்பள ஒப்பந்தம் போடுகிறார்கள், ஆயுத பூஜைக்குச் சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், எந்தப் பத்திரிகையிலும் அவர்கள் பெயர் வருவதில்லை. பெயர் கெட்டவர்களின் கதையைத் தோண்டிப் பாருங்கள். பெரும்பாலும் சங்கம் தொடங்கிய முதல் சில வாரங்களில் நிர்வாகம் பதறிப்போய்ச் செய்த ஏதோ ஒரு காரியத்தில்தான் அது ஆரம்பித்திருக்கும்.

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 2024 செப்டம்பர் 9 அன்று வேலையை நிறுத்திவிட்டுச் சுங்குவார்சத்திரத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 37 நாள் நடந்தது. சம்பளக் கோரிக்கை, வேலை நேரம் எல்லாம் இருந்தன. ஆனால் முடிச்சு விழுந்த இடம் சங்கத்தைப் பதிவதும் அங்கீகரிப்பதும்தான். சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருக்கக்கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2025 ஜனவரியில் அந்தச் சொல்லோடுதான் சங்கம் பதிவானது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தடுக்க நினைத்தது நடந்தே விட்டது, நடுவில் உலகப் பத்திரிகைகள் எல்லாம் வந்து எழுதிவிட்டுப் போயின. அந்த நிருபர்களுக்குப் பழைய கதையும் கைவசம் இருந்தது. தென்கொரியாவில் சங்கத்தைச் சீர்குலைத்த வழக்கில் 2019 டிசம்பரில் அந்நிறுவனத்தின் உயர் நிர்வாகிகள் தண்டிக்கப்பட்டதும், 2020 மே மாதம் அதன் துணைத் தலைவர் லீ ஜே-யோங் கேமரா முன் தலைகுனிந்து, சங்கமே இல்லாத நிர்வாகம் என்ற பேச்சு இனி எங்களிடம் இருக்காது என்று சொன்னதும் பதிவில் இருக்கின்றன.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சங்கச் சட்டம் (1926), நிலையாணைகள் சட்டம் (1946), தொழில் தகராறு சட்டம் (1947) மூன்றும் இப்போது 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பு (இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ் கோட்) என்ற ஒரே சட்டத்துக்குள் போய்விட்டன. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, எலும்புக்கூடு பெரும்பாலும் பழையதே. உங்கள் இடத்தில் பதிவுக்குத் தேவை நிறுவனத் தொழிலாளர்களில் பத்து சதவீதமோ நூறு பேரோ, இரண்டில் எது குறைவோ அது; எப்படியும் ஏழு பேருக்குக் குறையக்கூடாது. நானூறு பேர் இருக்கும் இடத்தில் இது ஒரு ஷிப்ட் டீ பிரேக்கில் முடிகிற வேலை. பதிவு என்பது தொழிலாளர்களுக்கும் பதிவாளருக்கும் இடையிலான விஷயம், உங்கள் சம்மதம் அங்கே யாருக்கும் தேவையில்லை. அங்கீகாரம், அதாவது பேச்சுவார்த்தைக்குரிய சங்கம் என்று நிர்வாகம் ஏற்பது, வேறு. தமிழ்நாட்டில் நீண்ட காலமாக அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கும் தனிச் சட்டம் கிடையாது. அதனால்தான் "பதிவு இருக்கலாம், நாங்கள் அங்கீகரிக்கவில்லை" என்று நிர்வாகங்கள் வருடக்கணக்கில் இழுத்தன. புதிய தொகுப்பில் அந்த வாசல் குறுகிவிட்டது. 51 சதவீத உறுப்பினர் உள்ள சங்கம்தான் பேச்சுவார்த்தைக்கான ஒரே சங்கம். யாருக்கும் அவ்வளவு இல்லையென்றால் குறைந்தது 20 சதவீதம் வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்து ஒரு பேச்சுவார்த்தைக் குழு. பதிவு பெற்ற சங்கம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால், விதிகளில் சொன்ன தகுதி அதற்கு இருக்கும்பட்சத்தில் நீங்கள் அதை ஏற்கத்தான் வேண்டும். மாநில விதிகளை உங்கள் லேபர் வக்கீலிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு வரலாறு. 1918 ஏப்ரல் 27-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்வார்கள். பி.பி. வாடியா, திரு.வி.க. எல்லாம் இருந்த சங்கம். பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் (பின்னி மில்) நிர்வாகம் அதன் தலைவர்கள்மீது வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கியது, நஷ்டஈடும் கேட்டது. நிர்வாகம் ஜெயித்தது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வழக்கு கிளப்பிய கொதிப்பில்தான் சங்கத் தலைவர்களைப் பாதுகாக்கச் சட்டம் வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அது 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தில் போய் முடிந்தது. ஒரு முதலாளி வழக்குப் போட்டதால் பிறந்த சட்டம் என்று இதைச் சொன்னால் மிகையில்லை.

சரி, செய்யக்கூடாதவைக்கு வருகிறேன். இதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும்.

'நேர்மையற்ற தொழிலாளர் நடைமுறைகள்' என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. பழைய சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை, இப்போது இரண்டாம் அட்டவணை. உங்கள் ஹெச்.ஆர். மேனேஜர், பிளான்ட் ஹெட், சூப்பர்வைசர்கள் எல்லோரையும் உட்காரவைத்து அதை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். படித்தால் முகம் மாறும். ஏனென்றால் சங்கம் வந்தவுடன் 'அனுபவசாலிகள்' சொல்லும் யோசனைகளில் பாதி அந்தப் பட்டியலில் அப்படியே இருக்கின்றன. சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகும் என்று மிரட்டுவது, நிர்வாகமே ஒரு கைக்கூலிச் சங்கத்தை ஏற்படுத்துவது, முன்னணியில் நிற்பவரை நிர்வாகக் காரணம் என்று சொல்லி வேறு யூனிட்டுக்கு டிரான்ஸ்பர் செய்வது, இவையெல்லாம் யாரும் ஊகிக்கக்கூடியவை. ஊகிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது: சங்கம் திரளும் நேரம் பார்த்து, அதைப் பலவீனப்படுத்தும் நோக்கத்தோடு சம்பளம் ஏற்றுவதும் அந்தப் பட்டியலில் வரும். "இரண்டாயிரம் ரூபாய் கூட்டிக் கொடுத்துவிட்டால் அடங்கிவிடுவார்கள்" என்று யாராவது உங்கள் காதில் போட்டிருந்தால் அதை மறந்துவிடுங்கள். சட்டச் சிக்கல் ஒருபக்கம் இருக்கட்டும். சங்கம் பதிவுக்குப் போட்ட விண்ணப்பமே இரண்டாயிரம் வாங்கித் தந்தது என்றுதான் ஷாப் ஃப்ளோரில் பேசுவார்கள்.

சஸ்பென்ஷன்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பொறுப்பாளர்களாகப் பெயர் கொடுத்திருக்கும் ஏழெட்டுப் பேரில் ஒருவர் லேட்டாக வந்திருப்பார், ஒருவர் சூப்பர்வைசரிடம் குரல் உயர்த்தியிருப்பார். வேறு நேரமாக இருந்தால் வாய்வார்த்தையில் முடிந்திருக்கும். இப்போது மெமோ, சார்ஜ் ஷீட், சஸ்பென்ஷன் என்று போனால் அது என்னவென்று ஆலையில் எல்லோருக்கும் புரியும். ஒரகடத்தில் யமஹா ஆலையில் 2018 செப்டம்பரில் நடந்த வேலைநிறுத்தம் சங்கம் அமைத்த இரண்டு பேர்மீது எடுத்த நடவடிக்கையில் தொடங்கியதுதான், வாரக்கணக்கில் நீண்டது. சாம்சங்கில் பதிவுப் பிரச்சினை தீர்ந்த பிறகும் 2025 பிப்ரவரியில் மூன்று பேரின் சஸ்பென்ஷனுக்காக மறுபடி உட்கார்ந்தார்கள். ஒழுங்கு நடவடிக்கையே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த ஆறு மாதத்துக்கு ஒரு விதி வையுங்கள்: சங்கத்தில் இல்லாத ஒருவர் அதே தவறைச் செய்து போன வருடம் என்ன தண்டனை வாங்கினாரோ, அதற்கு மேல் இவருக்கும் கிடையாது. கோப்பில் அந்தப் பழைய உதாரணத்தைச் சேர்த்த பிறகே மெமோவில் கையெழுத்து. அடிதடி, பெண்களிடம் அத்துமீறல் போன்றவை வேறு. அவற்றுக்கு யாராக இருந்தாலும் முறையான விசாரணை வைக்கத்தான் வேண்டும்.

உளவு பார்ப்பதையும் விடுங்கள். யார் யார் உறுப்பினர், வாட்ஸ்அப் குரூப்பில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆள் வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்த ஆள் யார் என்று இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்கப்புறம் நீங்கள் கேன்டீனில் நல்ல மனசோடு ஒரு வார்த்தை பேசினாலும் நம்பமாட்டார்கள்.

ஆட்களை ஊர், மொழி, சாதி என்று பிரிக்கும் யோசனையும் வரும். "லைனை வடமாநிலத்துப் பையன்களை வைத்து ஓட்டிவிடலாம்." 1921-ல் அதே பின்னி மில் வேலைநிறுத்தம் எங்கே போய் முடிந்தது என்பதைச் சென்னை வரலாறு தெரிந்தவர்களிடம் கேளுங்கள். புளியந்தோப்பில் சாதிக் கலவரமாக, துப்பாக்கிச் சூடாக முடிந்தது. சாதி நெருப்பைப் பற்றவைத்தவர் பெயர் நூறு வருடம் கழித்தும் எழுதப்படும்.

கொடியேற்றம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் காம்பவுண்டுக்கு வெளியே, பொது இடத்தில், ஷிப்ட் நேரம் அல்லாதபோது நடந்தால் அதில் உங்களுக்கு வேலை இல்லை. அனுமதி பார்ப்பது போலீஸின் பாடு. கேமராவைத் தூக்கிக்கொண்டு செக்யூரிட்டியை அனுப்பி, வந்தவர்களைப் படம் எடுக்கச் சொல்லாதீர்கள். மாடியில் நின்று வேடிக்கை பார்க்கும் மேனேஜர்கள் கூட வேண்டாம். பஸ்களை வழக்கம்போல விடுங்கள், அவ்வளவுதான்.

இப்போது கஷ்டமான பகுதி. நானூறு பேர் ஏன் சங்கத்துக்குப் போனார்கள்? வெளியாட்கள் தூண்டிவிட்டார்கள் என்று உங்கள் ஆட்கள் சொல்வார்கள். ஒரு வாரம் அந்தப் பதிலை ஒதுக்கிவைத்துவிட்டு நீங்களே பாருங்கள். சம்பளம் காரணமாக இருக்கலாம். ஆனால் சம்பளத்தைவிட எரிச்சல் தரும் சின்ன விஷயங்கள்தான் அநேகமாக முதல் காரணம். டாய்லெட் போக டோக்கன், மே மாதத்தில் மின்விசிறி இல்லாத லைன், ஒருமையில் பேசும் சூப்பர்வைசர், ஓவர்டைம் கணக்கில் விடுபட்ட மணிகள், லீவு கேட்டால் கிடைக்கும் ஏச்சு, பத்து வருடம் வேலை பார்த்தவருக்கும் நேற்று சேர்ந்தவருக்கும் ஆயிரம் ரூபாய் வித்தியாசம். இதில் பாதிக்கு மேல் பணமே செலவாகாமல் சரிசெய்யக்கூடியவை. இவற்றைச் சரிசெய்வது மேலே சொன்ன 'நேரம் பார்த்துச் சம்பளம் ஏற்றும்' குற்றத்தில் வருமா என்று கேட்கலாம். பாதுகாப்பு, சுகாதாரம், சட்டப்படி ஏற்கெனவே தரவேண்டிய பாக்கி ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், செய்யத்தான் வேண்டும். மற்றதைச் சங்கத்தோடு பேசி, அவர்கள் கேட்டுக் கிடைத்ததாகவே செய்யுங்கள். பெருமை அவர்களுக்குப் போகட்டும். அமைதி உங்களுக்குக் கிடைக்கும்.

சின்ன விஷயம் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு 2021 டிசம்பர் சாட்சி. ஆப்பிளின் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு 250 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சங்கமே இல்லாத இடம் அது. சேர்க்கப்பட்டவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. யாரும் இறக்கவில்லை. ஆனால் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்புக்குள் வைத்தது, ஆலை பல வாரம் மூடிக்கிடந்து ஜனவரியில்தான் திறந்தது. அந்தப் பெண்கள் நம்பும் ஒரு பிரதிநிதி இருந்து, நிர்வாகம் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் காட்டியிருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். சங்கம் இல்லாத ஆலையில் கோபம் இல்லை என்று அர்த்தமில்லை. கோபத்தோடு உட்கார்ந்து பேச ஓர் ஆள் இல்லை என்றுதான் அர்த்தம்.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 2020 டிசம்பர் 12-ல், கோலார் பக்கம் நரசாபுராவில், அதே ஆப்பிளுக்கு ஐபோன் தயாரித்த விஸ்ட்ரான் ஆலை அடித்து நொறுக்கப்பட்டது. அங்கும் பேசுவதற்குச் சங்கம் இல்லை. முதலில் நிறுவனம் போலீசில் நூற்றுக்கணக்கான கோடி நஷ்டம் என்று புகார் கொடுத்தது, பிறகு அந்தத் தொகை பலமடங்கு குறைந்தது. ஆப்பிளின் தணிக்கையில் அக்டோபர், நவம்பர் சம்பளம் சிலருக்குத் தாமதமாகப் போனது தெரியவந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, துணைத் தலைவர் ஒருவரை நீக்கியது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் காண்ட்ராக்ட் ஏஜென்சிகள் மூலம் வந்தவர்கள்.

உங்களிடமும் பாதிக்கு மேல் காண்ட்ராக்டும் டிரெய்னியும். சங்கப் பிரச்சினையில் உங்கள் உண்மையான பலவீனம் அங்கேதான் இருக்கிறது, கேட்டுக்கு வெளியே அல்ல. தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதி அளிக்கும் சட்டப்படி, 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரம் கேட்கலாம். ஆட்களை வருடக்கணக்கில் தற்காலிகமாகவே வைத்திருந்து நிரந்தரச் சலுகையை மறுப்பதும் அந்த நேர்மையற்ற நடைமுறைப் பட்டியலில் ஒன்று. புது சங்கம் முதலில் நிரந்தரத் தொழிலாளர்களின் சம்பளத்தைப் பேசும், இரண்டாம் வருடம் இந்தக் கணக்கைக் கையில் எடுக்கும். அதற்கு முன்பே நீங்கள் எடுத்துவிடுங்கள். ஏஜென்சி பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுகிறதா, பே ஸ்லிப் கொடுக்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள். ஏஜென்சி ஏமாற்றினாலும் செய்தியில் வருவது உங்கள் கம்பெனி பெயர்தான்.

சங்கத்தோடு முதல் சந்திப்பு. பதிவுச் சான்றிதழ் வரும்வரை பார்க்கமாட்டேன் என்று சொல்லாதீர்கள். "பதிவு, அங்கீகாரம் சட்டப்படி நடக்கட்டும், அதுவரை குறைகளைப் பேசலாம்" என்று எழுதிக் கொடுத்தே பேசலாம், அதனால் உங்கள் உரிமை எதுவும் பறிபோகாது. முதல் கூட்டத்துக்கு முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் போக வேண்டும். "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லும் ஜூனியர் ஹெச்.ஆர். ஒருவரை அனுப்புவதைவிடக் கூட்டமே போடாமல் இருக்கலாம். சங்கத் தலைவராக வெளியிலிருந்து ஒரு தோழர் வருவார். பல நிர்வாகங்கள் இங்கே சண்டை பிடிக்கும். வேண்டாம். குறிப்பிட்ட அளவு வெளியாட்கள் நிர்வாகிகளாக இருக்கச் சட்டமே இடம் தருகிறது. இன்னொன்று, முப்பது வருடம் ஒப்பந்தம் போட்டுப் பழகிய சி.ஐ.டி.யூ., எல்.பி.எஃப். போன்ற தொழிற்சங்கக் கூட்டமைப்புத் தலைவர் ஒருவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். இருபத்தைந்து வயது லைன் ஆபரேட்டருக்கு முதல் சங்கத்தில் அது தெரிவது கஷ்டம். அனுபவம் உள்ள எதிராளிதான் உங்களுக்கு நல்லது.

கோரிக்கை மனு வரும். அதில் நாற்பது கோரிக்கை இருக்கும், சம்பள உயர்வு நீங்கள் அதிர்ந்துபோகும் தொகையாக இருக்கும். அது பேரத்தின் முதல் விலை என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் "முடியாது" என்பதற்குக் காரணமாக நீங்கள் நஷ்டக் கணக்கு காட்டினால் பேலன்ஸ் ஷீட்டைக் கேட்பார்கள், அதைக் காட்டத் தயாராக இருந்தால் மட்டும் அந்த வாதத்தை எடுங்கள். பக்கத்து ஆலைகளின் ஒப்பந்தங்களை அவர்கள் மனப்பாடமாக வைத்திருப்பார்கள், நீங்களும் வைத்திருங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் குறிப்பு எழுதி இருதரப்பும் கையெழுத்துப் போடுங்கள். நாளைக்கு லேபர் ஆபீஸில் சமரச அதிகாரி முன்னால் அந்தக் குறிப்புகள்தான் பேசும்.

குறைதீர்ப்புக் குழுவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் அது கட்டாயம். இருதரப்பும் சம எண்ணிக்கை, மொத்தம் பத்துப் பேருக்கு மிகாமல், பெண்களுக்குத் தகுந்த இடம், முப்பது நாளில் முடிவு. நிறைய இடங்களில் இது ஆடிட்டுக்காக வைத்திருக்கும் ஒரு ஃபைல். உங்களுடையதும் அப்படித்தான் என்றால் கலைத்துவிட்டு, தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கும்படி மறுபடி தொடங்குங்கள்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். வெளியே என்ன பேசுவது? குறைவாக, ஒரே குரலில், உண்மையாக. "எங்கள் தொழிலாளர்கள் சங்கம் அமைத்திருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம்." நிருபர் கேட்டால் இந்த மூன்று வாக்கியம் போதும். "வெளியாட்களின் தூண்டுதல்", "ஒரு சிறு கும்பல்", "நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்" மூன்றையும் தவிருங்கள். முதல் இரண்டும் நாளைக்கு எண்ணூறு பேர் வெளியே வந்து நின்றால் பொய்யாகிவிடும். மூன்றாவதைக் கேட்டால் தொழிலாளர்களுக்குச் சிரிப்புதான் வரும்.

வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதை ஒளிக்காதீர்கள். அவர்களுக்கு முதலில் தெரியவேண்டியது உங்கள் மூலமாகத்தான், செய்தி எச்சரிக்கை மூலமாக அல்ல. ஜெர்மனியில் 2023 முதல் நடப்பில் உள்ள சப்ளை செயின் சட்டம் சங்கம் சேரும் உரிமையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பெரிய கார் நிறுவனங்களின் சப்ளையர் நடத்தை விதிகளிலும் அது இருக்கும், நீங்கள் அதில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். எடுத்துப் படியுங்கள். சங்கம் சேரும் உரிமை, கூட்டுப் பேரம் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87, 98-ஆம் உடன்படிக்கைகளை இந்தியா ஏற்கவில்லை என்று சில ஆலோசகர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஜெனீவாவில் அந்த அமைப்பின் சங்கச் சுதந்திரக் குழுவிடம் புகார் போக அது தடையில்லை. தமிழ்நாட்டு டயர் ஆலை ஒன்றின் சங்கம் ஜெனீவா வரை போயிருக்கிறது.

சங்கம் பெயரைக் காப்பாற்றிய கதையும் உண்டு. திண்டுக்கல் பக்கம் ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். ஆலையில் பாலியல் தொல்லை வெகுநாளாக நடந்தது என்று சகத் தொழிலாளர்கள் சொன்னார்கள். 2022 ஏப்ரலில் அந்த ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் நிறுவனம், பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆடை வாங்கும் ஹெச் அண்ட் எம் நிறுவனம் உள்ளிட்ட தரப்புகள் சேர்ந்து 'திண்டுக்கல் ஒப்பந்தம்' போட்டன. ஷாப் ஃப்ளோரில் தொல்லையைக் கவனித்துச் சொல்லத் தொழிலாளர்களுக்கே பயிற்சி, புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை, ஒப்பந்தத்தை மீறினால் வியாபாரத்தில் விளைவு. அதே 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலையின் சரக்கை நிறுத்தியது. செப்டம்பரிலேயே தடை விலகியது. இப்படிப்பட்ட தடைகள் வழக்கமாக வருடக்கணக்கில் நீள்பவை. வாங்குபவரிடம் காட்ட ஒரு சங்கத்தின் கையெழுத்து இருந்தது பெரிய வித்தியாசம். எந்த விளம்பர ஏஜென்சியாலும் அதைச் செய்திருக்க முடியாது.

இத்தனைக்கும் பிறகு வேலைநிறுத்தம் வரலாம். புதிய தொகுப்பில் எல்லாத் தொழிற்சாலைக்கும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடி முன்னறிவிப்பின்றி வராமல் இருந்தால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம் என்ற பழைய விதியும் இருக்கிறது. பிடிக்கலாம் என்பதற்காகப் பிடித்துவிடாதீர்கள். ஒரு நாளுக்கு எட்டு நாள் சம்பளம் என்பது வீட்டில் இருப்பவர்களையும் போராட்டத்துக்குள் இழுத்துவரும். சட்டப்படியான வேலைநிறுத்தத்தின்போது புது ஆள் எடுப்பதும், திரும்பி வருபவர்களிடம் நன்னடத்தைப் பத்திரம் கேட்பதும் அந்த நேர்மையற்ற நடைமுறைப் பட்டியலில் உள்ளவை. மாருதியின் மானேசர் ஆலையில் 2011 ஆகஸ்டில் அந்தப் பத்திரத்தைக் கேட்டதில்தான் இரண்டாவது பெரிய மோதல் தொடங்கியது. அடுத்த ஜூலையில் அங்கே நடந்த வன்முறையில் ஓர் ஹெச்.ஆர். அதிகாரி உயிரிழந்தார். கோவையில் 2009-ல் பிரிக்கால் வாகன உதிரிபாக ஆலையில் நடந்ததும் அதே மாதிரி. அந்தக் கொலைகளுக்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் அதற்கு முன்பு பல மாதம், பல வருடம் பேச்சு உறைந்துகிடந்தது. நடுவில் மாட்டிக்கொண்டவர் ஓர் ஹெச்.ஆர். அதிகாரி. உங்கள் ஹெச்.ஆர். ஆளை அந்த இடத்தில் தனியாக நிறுத்தாதீர்கள்.

போலீஸைக் கூப்பிடுவதைப் பற்றி ஒரே வார்த்தை: உயிருக்கோ இயந்திரத்துக்கோ ஆபத்து என்றால் மட்டும். பந்தலைப் பிரிக்கச் சொல்லிக் கூப்பிட்டால் மறுநாள் எல்லாச் செய்தியிலும் வரும் படம் அதுதான்.

முடிவில் ஒப்பந்தம் போடும்போது அதை லேபர் ஆபீஸில் சமரச அதிகாரி முன்னிலையில் போடுங்கள். பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து எல்லோரும் இன்னும் '12(3)' என்றே சொல்வார்கள், புதிய தொகுப்பில் எண் மாறினாலும். நீங்களும் சங்கமும் மட்டும் கையெழுத்திடும் 18(1) வகை ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களைத்தான் கட்டும். சமரச ஒப்பந்தம் எல்லாத் தொழிலாளர்களையும், நாளை சேர்பவர்களையும் கட்டும். காலம் மூன்று வருடம் வையுங்கள், நான்கு என்று இழுத்தால் கடைசி வருடம் கசப்பாகத்தான் போகும். உற்பத்தி இலக்கு, ஆட்டோமேஷன், ஷிப்ட் மாற்றம் இவற்றை எப்படிப் பேசி முடிவு செய்வது என்று ஒரு பத்தி கண்டிப்பாக இருக்கட்டும். ஒப்பந்தக் காலத்தில் பாதிச் சண்டை அங்கிருந்துதான் வரும். காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே அடுத்த பேச்சைத் தொடங்குவதாக அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பழைய ஒப்பந்தம் முடிந்து, புதியது தாமதமாகும் இடைவெளியில் அரியர் எந்தத் தேதியிலிருந்து என்பதையும் சேர்த்து.